அப்பா போட்ட சட்டை

ஜூன் மாதம்தானே என்று மெல்லிய சட்டையோடு டப்ளினில் இறங்கிவிட்டேன். காலைக் காற்று காதுமடலைக் கடித்தது. நம்மூர் மார்கழி விடியல் இதற்கு முன்னால் வெதுவெதுப்பு! கைகளைத் தேய்த்துக்கொண்டே குரோக் பார்க் அரங்கத்துக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் குளிரே மறந்துபோனது. 82,300 பேரைக் கொள்ளும் பசுமைக் கிண்ணம் அது. இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிவிட்டு, இதில் ஆடுகிறவர்களுக்குச் சம்பளமே கிடையாது என்கிறார்கள்! ஆசிரியர், விவசாயி, எலக்ட்ரீஷியன் என்று பகலில் ஆளுக்கொரு வேலை. மாலையில் பயிற்சி. அவரவர் கவுண்டிக்காக, அதாவது மாவட்டத்துக்காக ஆட்டம். 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றும் இப்படித்தான் நடக்கிறது.

உடைமாற்றும் அறையில் கவுண்டிச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. பச்சையில் பொன்பட்டை போட்ட கெர்ரி சட்டையின் முன்னால் நின்றுவிட்டேன். நான் இத்தனை தூரம் வந்ததே அந்தச் சட்டைக்காக ஏங்கிய ஒருவரின் கதையைத் தேடித்தான். பெயர் டைக் கென்னலி. ஐரிஷ் மொழியில் அந்தப் பெயரை எழுத ஐந்து எழுத்து. சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுகிறார்கள்!

மதியம் ரயிலேறினேன். கற்சுவர் வேலிகள், மாடுகள், மழை, வெயில், மறுபடி மழை. ஒரே மணி நேரத்தில் நாலு பருவம்! ட்ரலீயில் இறங்கிப் பேருந்து பிடித்து, ஃபீல் ஆற்றங்கரையில் இருக்கும் லிஸ்டோவலுக்கு வந்து சேர்ந்தேன். கெர்ரியில் டைக் பிறந்து வளர்ந்த சிற்றூர். ஈர மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசனை தெருவெல்லாம் மிதந்தது. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண்ணை அடுப்பில் எரிக்கிறார்களாம். மண்ணே விறகாகும் ஊர்! கடையில் ஆவி பறக்கப் பால் விட்ட தேநீர் கொடுத்தார்கள். முதல் வாயிலேயே வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

மாலை ஏழு மணிக்கு லிஸ்டோவல் எம்மெட்ஸ் மைதானத்தில் பிள்ளைகள் கேலிக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில் போல வெளிச்சம்! பந்தைக் கையில் பிடித்து நாலடி ஓடுகிறார்கள். அதற்குள் தரையில் தட்டியாக வேண்டும், இல்லையென்றால் ஓடியபடியே கால்நுனியில் போட்டு உதைத்து மறுபடி கையில் ஏந்த வேண்டும். எட்டு வயதுச் சிறுமி அதைப் பல்லாங்குழி ஆடுவதுபோல அநாயாசமாகச் செய்தாள். வலைக்குள் அடித்தால் 3 புள்ளி. குறுக்குக்கம்பத்துக்கு மேலே பறந்தாலும் புள்ளி உண்டு.

பக்கத்தில் நின்ற பெரியவரிடம் டைக் பெயரைச் சொன்னேன். "முதலில் அவன் அப்பாவைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றார். அப்பா டிம் கென்னலி. 'குதிரை' என்பது ஊர் வைத்த செல்லப்பெயர். கெர்ரிக்காக ஐந்து அகில அயர்லாந்துப் பட்டங்கள் வென்றவர். 1979இல் அணித்தலைவராக அந்தப் பட்டத்துக்கான சாம் மகுவயர் கோப்பையைத் தூக்கியவர்.

மகனோ 1999இல் பூமியின் மறுபக்கம் போனார், சிட்னி ஸ்வான்ஸ் அணிக்கு. ஆஸ்திரேலியக் கால்பந்தில் பந்து முட்டை வடிவம். மைதானமும் நீள்வட்டம். ஓடும்போது 15 மீட்டருக்குள் பந்தைத் தரையில் தட்ட வேண்டும். உருண்டைப் பந்தோடு வளர்ந்த பையன் அந்தக் கோணல் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எப்படித்தான் கற்றாரோ! முதல் தர ஆட்டம் கிடைக்க 2001 வரை ஆனது. 2005 செப்டம்பரில் மெல்போர்னில், 90,000க்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன்னால், இறுதியாட்டத்தில் சிட்னி 58-54 என்று வென்றது. 72 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த பட்டம். பதக்கம் வாங்க மேடையேறிய டைக், ஊர் வழக்கப்படி ஓர் ஐரிஷ் நடனம் ஆடிவிட்டுத்தான் இறங்கினார்.

அதே ஆண்டு டிசம்பரில் அப்பா இறந்துபோனார்.

இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. கையில் ஒரு மகுடம் இருக்க, அப்பா ஆடிய ஆட்டம் அந்த மகனை உள்ளுக்குள் எத்தனை நாள் கூப்பிட்டிருக்கும்! 2009இல் டைக் சிட்னியை விட்டு ஊருக்கு வந்தார். பச்சைச் சட்டை போட்டார். செப்டம்பர் 20 அன்று, நான் காலையில் நின்ற அதே குரோக் பார்க்கில், அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் கெர்ரி அண்டை கவுண்டியான கார்க்கை 16க்கு 12 என்று வீழ்த்தியது. மெல்போர்னிலும் வித்தியாசம் 4 புள்ளிதான், இங்கேயும் 4 புள்ளிதான்! இரு நாடுகளின் உச்சப் பட்டங்களையும் வென்ற முதல் மனிதர் ஆனார். மறுபடி சிட்னிக்குப் போய், 2011இல் 197 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார்.

மணி பத்தை நெருங்கியும் மேற்கில் செம்மை மிச்சமிருந்தது. பிள்ளைகளைக் கூப்பிடத் தாய்மார்கள் வந்துவிட்டார்கள். குளிர் மறுபடி ஏறியது. நான் நகர மனமில்லாமல் நின்றேன்.

சிட்னியில் ஆடியது அவருக்குத் தொழில். கெர்ரிக்கு ஆடியதற்கு ஒரு காசு சம்பளம் கிடையாது.