மாட்சுவே பையன்கள் கேட்ட கேள்விகள்

ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஷின்ஜி ஏரிக்கரையில் இருக்கிறது மாட்சுவே நகரம். 1890 ஆகஸ்ட் மாதக் கடைசியில் அந்த ஊருக்கு ஆங்கில வாத்தியாராக வந்து சேர்ந்தார் லஃப்காடியோ ஹெர்ன். வயது நாற்பது. கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகைக்காரராகக் காலம் தள்ளியவர். பதினாறு வயதில் பள்ளி விளையாட்டில் இடது கண் பார்வை போயிற்று. மிச்சமிருந்த கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. காகிதத்தை மூக்குக்கு அருகே பிடித்துத்தான் படிப்பார்.

நியமன ஆணையில் அவருடைய பெயர் ஜப்பானிய எழுத்தில் 'ஹெருன்' என்று பதிவாகிவிட்டது. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. இன்றும் மாட்சுவேக்காரர்களுக்கு அவர் 'ஹெருன் சான்'தான்.

கண் சரியில்லாதவருக்குக் காது கூர்மை. விடியற்காலையில் அரிசி குத்தும் சத்தம் தரை வழியாக வந்து அவரை எழுப்பும். ஆற்றங்கரையில் முகம் கழுவியவர்கள் உதிக்கும் சூரியனைப் பார்த்துக் கைதட்டிக் கும்பிடுவார்கள். பிறகு மரப்பாலத்தின் மேல் நூற்றுக்கணக்கான மரச்செருப்புகள் டக் டக்கென்று ஓடத் தொடங்கும். இதையெல்லாம் அவர் எழுதிவைத்தார். ஆனாலும், அவர் எழுதியதில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது வகுப்பறைதான்.

அடி, உதை கிடையாது. சிறு பிள்ளைகள் தப்பு செய்தால் இடைவேளையில் வெளியே விடாமல் உட்கார வைப்பார்கள். மேற்கத்திய நாட்டுப் பள்ளிகளில் பிரம்பு சகஜமாக இருந்த காலம் அது. ஹெருனுக்கு ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், பையன்கள் கேட்ட கேள்விகள்.

ஆசிரியரை அங்கே 'சென்செய்' என்று அழைப்பார்கள். ஒருவன் எழுந்து, "சென்செய், ஐரோப்பாவில் தாய்மார்கள் குழந்தையை எப்படித் தூக்கிக்கொள்வார்கள்?" என்று கேட்டான். கையில் என்றார் ஹெருன். அப்படித் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும், அப்போது கையால் வேறு வேலை செய்ய முடியுமா என்று அடுத்தடுத்துக் கேள்விகள். முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் அது அவ்வளவு நல்ல முறை இல்லை என்று பையன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். முதுகில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்க்கும் அம்மாவின் மகன் வேறென்ன சொல்வான்?

இன்னொரு கேள்வி இவ்வளவு லேசாக இல்லை. அப்பாவும் மனைவியும் ஒன்றாகக் கடலில் விழுந்தால், நீந்தத் தெரிந்த ஐரோப்பியன் முதலில் மனைவியைத்தான் காப்பாற்றுவானாமே, நிஜமா? அநேகமாக அப்படித்தான், பலம் குறைந்தவர்களை முதலில் காப்பாற்றுவது கடமை என்று நினைப்பார்கள் என்றார் ஹெருன். எங்கள் கணக்கில் இது பெரிய ஒழுக்கக்கேடு என்றார்கள் பையன்கள். இதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து பாடம் நடத்த வருகிறவர்களிடம் அரிதாகக் காணப்படும் குணம் இது.

முன்பிருந்த ஒரு வெளிநாட்டு ஆசிரியர், பேரரசரின் படத்துக்கு வணக்கம் செய்வது காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லியிருந்தார். அது சரியா என்று கேட்ட பையனிடம், அந்த மரியாதை உங்கள் கடமை என்றார் ஹெருன். அந்த அக்டோபரில்தான் பேரரசரின் கல்விப் பிரகடனம் வெளியானது. மாணவர்களைக் கூட்டி அதை ஆளுநர் வாசித்தபோது அவரும் இருந்தார். அதே பிரகடனம் பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளைப் போருக்குத் தயார்செய்யப் பயன்பட்டது. 1948-ல் ஜப்பான் நாடாளுமன்றமே அதைத் தள்ளிவைத்தது. அதைக் காண ஹெருன் உயிரோடு இல்லை. அவருடைய அன்பில் கொஞ்சம் கண்மூடித்தனமும் கலந்திருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

ஆனால், ஒரு விஷயத்தில் அந்த ஒற்றைக் கண் நன்றாகவே பார்த்தது. மேற்கத்தியக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே தலைமுறையில் விழுங்கிவிட நாடு துடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாரம் முழுவதும் சோற்றையும் சோயா கட்டியையும் சாப்பிட்டு, குளிரில் நடந்து வரும் பையன்களின் தலையில் விழுந்தது. நன்றாகப் படிக்கிறவர்களே நோயில் விழுந்தார்கள். அவருக்குப் பிடித்த மாணவர்கள் சிலர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள்.

அவர்களில் ஒருவன் தச்சர் வீட்டுப் பிள்ளை. உயர்பள்ளிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. ஆரம்பப் பள்ளியில் அவன் படித்த படிப்பைப் பார்த்து, பணக்காரர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டார். படுத்த படுக்கையானவன், ஒருநாள் இரவு, பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். காலையில் போகலாமே என்றாலும் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர் அவனை முதுகில் சுமந்துகொண்டு போனார். இருட்டில் கட்டடத்தையும் தன் வகுப்பறை இருக்கும் இடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினான். பிறகு அதிக நேரம் உயிரோடு இல்லை.

மாட்சுவேயின் பனிக்காலம் ஹெருனையும் படுக்க வைத்தது. அப்போது அவருக்கு உதவியாக வந்தவர், நொடித்துப்போன சாமுராய் குடும்பத்துப் பெண் செட்சு. அவருக்கு ஆங்கிலம் வராது, இவருக்கு ஜப்பானிய மொழி வராது. இருவரும் தங்களுக்கென்று ஓர் உடைந்த ஜப்பானிய மொழியை உண்டாக்கிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பாஷையில் செட்சு சொன்ன பழைய பேய்க்கதைகள் பலவற்றை, பிற்பாடு ஹெருனின் ஆங்கிலப் புத்தகங்கள் வழியாக உலகமே படித்தது.

1891 நவம்பரில் அவர் குமமோட்டோ நகரத்துப் பள்ளிக்கு மாறினார். மாட்சுவேயில் இருந்தது பதினைந்து மாதங்கள்கூட இல்லை. பிரிவு உபசாரத்தில் மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிய பழைய வாள் ஒன்றைக் கொடுத்தார்கள். 1896-ல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்ற பெயரோடு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

அங்கே படிக்க வந்திருந்த மாட்சுவே மாணவர் ஒருவரின் பெயர் ஒத்தானி. அவருக்குப் பணத்தட்டுப்பாடு. சும்மா கொடுத்தால் கூசுவார் என்று நினைத்தாரோ என்னவோ, தன் புத்தகங்களுக்குப் பாட்டுகளும் பழங்கதைகளும் திரட்டித் தரும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார் ஹெருன். அதற்கு மாதாமாதம் கொடுத்த பணத்தில் ஒத்தானியின் படிப்பு நடந்தது.