ஆட்டம் உள்ள நாளில் மட்டும்

மான்செஸ்டரில் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கத்தின் தெற்குக் கேலரியை ஒட்டி ஒற்றைப் பிளாட்பாரம் ஒன்று இருக்கிறது. 1935 ஆகஸ்டில் திறந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கோ பள்ளிப் பிள்ளைகளுக்கோ கட்டியதல்ல. மான்செஸ்டர் யுனைடெட் சொந்த மைதானத்தில் ஆடும் நாளில் மட்டும் அங்கே ரயில் நின்றது. மற்ற நாட்களில் லிவர்பூல் வண்டிகள் நிற்காமல் ஓடிவிடும். சில ஆண்டுகளாக ஆட்ட நாளிலும் நிற்பதில்லை. நெரிசல் ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள்.

இப்படிப்பட்ட நிலையங்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. ஹல் நகரத்தில் பூத்ஃபெரி பார்க் மைதானத்துக்கென்று 1951இல் ஒரு பிளாட்பாரம் போட்டார்கள். ரயிலை விட்டு இறங்கினால் நேரே டிக்கெட் கதவு, அதைத் தாண்டினால் கேலரி. மழை ஊரில் அது எவ்வளவு பெரிய சுகம்! வாட்ஃபோர்டில் 1982இல் ஒன்று வந்தது, பத்து வருடம் தாக்குப்பிடித்தது. டெர்பியில் 1990இல் கட்டிய ராம்ஸ்லைன் நிறுத்தத்துக்கு மொத்தம் நாலே நாலு ரயில்கள்தான் வந்தன. கான்கிரீட் போட்டு, விளக்கு வைத்து, பெயர்ப்பலகை நட்டு, நாலு ரயில். இதை வீண்செலவு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருகிறவர்களை எதிர்பார்த்து ஒரு ரயில்வே வாசல் வைத்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இங்கிலாந்தில் கால்பந்தையும் ரயிலையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. 1850ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் நெசவு ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலையை முடித்துவைத்தது. அந்த அரைநாள் விடுமுறை மெல்ல எல்லோருக்கும் பரவிய பிறகுதான் சனிக்கிழமை மூன்று மணி என்பது ஆட்ட நேரமாக நிலைத்தது. 1888இல் கால்பந்து லீக் தொடங்கியபோது சேர்ந்த 12 சங்கங்களும் லங்காஷயரிலும் நடு இங்கிலாந்திலும் இருந்தவை. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஒரு சனிக்கிழமைக்குள் ரயிலில் போய் ஆடிவிட்டுத் திரும்பக்கூடிய தூரத்தில் அவை இருந்தன. மான்செஸ்டர் யுனைடெட்டே 1878இல் நியூட்டன் ஹீத் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஊழியர்கள் தொடங்கிய அணிதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வெம்ப்ளியைப் பற்றி. நான் குடியிருக்கும் பகுதி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன்.

எட்வர்ட் வாட்கின் என்று ஒரு ரயில்வே முதலாளி இருந்தார். மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் தலைவர். பெரிதாகவே யோசிக்கத் தெரிந்த மனிதர். 1880களின் தொடக்கத்திலேயே கடலுக்கடியில் பிரான்சுக்குச் சுரங்கம் வெட்டத் தொடங்கி, அந்த வழியாகப் படையெடுப்பு வந்துவிடும் என்று அரசாங்கம் பயந்து தடுத்ததால் பாதியில் விட்டவர். 1889இல் பாரிஸில் ஈஃபில் கோபுரம் எழுந்ததும் லண்டனுக்கு அதைவிட உயரமான ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தார். முதலில் ஈஃபிலையே கேட்டார், அவர் மறுத்துவிட்டார். போட்டி வைத்ததில் 68 வடிவங்கள் வந்தன. வெம்ப்ளியில் நிலம் வாங்கி, பூங்கா அமைத்து, ஏரி வெட்டி, கூட்டம் வந்து இறங்க ஒரு நிலையமும் கட்டினார். அதுதான் இன்றைய வெம்ப்ளி பார்க். 1894இல் பூங்காவுக்காகத் திறந்தது.

நிலையம் நின்றது, கோபுரம் எழவில்லை. 350 மீட்டருக்கு மேல் போக வேண்டியது, முதல் அடுக்கோடு 47 மீட்டரில் நின்றுவிட்டது. சதுப்பு நிலம், கால்கள் இறங்கத் தொடங்கின. பணமும் தீர்ந்தது. வாட்கின் 1901இல் இறந்துபோனார். 1907இல் வெடிவைத்து மிச்சத்தைத் தகர்த்தார்கள். அப்புறம் பல வருடம் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ரயில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கோபுரம் நின்ற அதே இடத்தில்தான் 1923இல் வெம்ப்ளி மைதானம் எழுந்தது. அடுத்த வருடம் நடக்கவிருந்த பேரரசுக் கண்காட்சிக்காகக் கட்டியது. நூற்றாண்டு கடந்து, பழைய அரங்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டத் தோண்டியபோது கோபுரத்தின் கான்கிரீட் அடித்தளம் மண்ணுக்கடியில் அப்படியே கிடைத்தது. யாரும் ஏறிப் பார்க்காத உயரத்துக்காகப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் எத்தனை தலைமுறை கால்பந்து ஆடியிருக்கிறது! வாட்கினைத் தோற்றுப்போனவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஜனங்கள் கூட்டமாக வருவார்கள், அவர்களுக்கு ரயில் வேண்டும் என்பதை அவர் முன்பே கண்டுகொண்டார். எதைப் பார்க்க வருவார்கள் என்பது மட்டும் அவர் நினைத்தபடி அமையவில்லை.

1923 ஏப்ரல் 28. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், போல்டன் வாண்டரர்ஸுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும். மைதானத்தின் முதல் ஆட்டமே அதுதான். அன்றைக்கே கண்காட்சி நிலையம் என்று இன்னொரு நிலையமும் திறந்தது. அதன் அமைப்பை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. தண்டவாளத்தை ஒரு வளையமாகப் போட்டிருந்தார்கள். ரயில் உள்ளே வரும், ஆட்களை இறக்கும், எஞ்சினைத் திருப்பி மாட்டாமல் வளைந்தபடியே வெளியே போய்விடும், பின்னாலேயே அடுத்தது. அந்த வளையத்தில் கடைசியாக ரயில் வந்தது 1968 மே 18, வெஸ்ட் ப்ரோம் எவர்ட்டனை வென்ற இறுதி ஆட்டத்தன்று.

முன்கூட்டியே டிக்கெட் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கு இல்லை. கணக்கில் வந்தவர்கள் 1,26,047 பேர். சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்கிறார்கள். கேலரிகள் நிரம்பி, கூட்டம் புல்தரையில் வழிந்து, கோல் கம்பங்கள் தெரியாமல் போயின. ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் பில்லி என்ற குதிரையில் ஏறி, ஜனங்களைக் கைகோத்து நிற்கச் சொல்லி, அடி அடியாக எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளினார். முக்கால் மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் டேவிட் ஜாக் கோல் அடித்தபோது, பந்தை உள்ளே எறிந்த வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர் கூட்டத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தார். போல்டன் 2-0. நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். ஆனால் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவரும் சாகவில்லை. காரணம் குதிரை மட்டுமல்ல. முன்னால் கம்பிவேலி இல்லை. மூச்சு முட்டியவர்களுக்குப் புல்தரை இருந்தது.

அன்று பாதிப் பேருக்கு ஆட்டம் தெரிந்திருக்காது. தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்று ரயிலேறுவது இங்கிலாந்துக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1911 ஜூலை 29இல் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். மோகன் பகானும் ஈஸ்ட் யார்க்ஷயர் ராணுவப் படைப்பிரிவும். ஈஸ்ட் இந்தியன் ரயில்வே ஸ்பெஷல் ரயில் விட்டது; ஆற்றில் கூடுதல் படகுகள் ஓடின. மோகன் பகானின் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். மைதானத்தை எட்டிப் பார்க்கக்கூட முடியாமல் வெளியே நின்ற ஆயிரக்கணக்கானோருக்குக் கோல் கணக்கைப் பட்டம் விட்டுத் தெரிவித்தார்களாம். வானத்தைப் பார்த்து ஆட்டம் பார்த்தார்கள். மோகன் பகான் 2-1 என்று வென்றது. கண்ணால் காணாத ஒன்றுக்காக ஊர் விட்டு ஊர் போய் நெரிசலில் நின்றவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், ஆட்டம் பார்ப்பதற்குத்தான் ரசிகர்கள் போகிறார்கள் என்ற எண்ணம் எனக்குத் தளர்ந்துபோகிறது.

வெம்ப்ளியில் ஆட்ட நாள் என்றால் எங்கள் தெருவுக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும். காலையிலேயே தொப்பியும் கழுத்துத்துண்டும் ஒரே நிறத்தில் நடக்கத் தொடங்கும். ஆட்டம் முடிந்ததும் 90,000 பேர் ஒரே நேரத்தில் வீடு திரும்ப நினைப்பார்கள். வெம்ப்ளி பார்க் படிக்கட்டின் அடியில் இன்றைக்கும் குதிரைப் போலீஸ் நிற்கிறது. கொஞ்சம் பேரை மேலே விடுவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி விடுவார்கள். பிளாட்பாரத்தில் இடம் இருக்கும்வரைதான் படியில் ஆள். நிற்கிற கூட்டம் முணுமுணுக்கும், பிறகு பாடத் தொடங்கிவிடும்.

அப்படியொரு மாலையில் வெம்ப்ளி சென்ட்ரலில் ஹாரோ பக்கம் போகும் ரயிலில் ஏறினேன். ஈலிங் ரோட்டில் காய் வாங்கிக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்து அம்மா எனக்கு முன்பே ஏறியிருந்தார். பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. நீலச் சட்டைக்காரப் பையன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். இன்னொருவன் முருங்கைக்காய் ஒடியாமல் பையைப் பிடித்துக்கொண்டான். பெட்டி முழுக்கப் பாட்டு. அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, ஆர் வெண்டது?" என்றார். இவர்கள் தோற்றுவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தோத்த பெடியளும் பாடிக்கொண்டுதானே போறாங்கள்" என்றார். பிறகு பையைப் பிடித்திருந்தவனுக்குக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அவன் ஒரு பிடி எடுத்து மற்றவர்களுக்கும் கொடுத்தான்.

லண்டனிலேயே நான் அடிக்கடி போய்ப் பார்க்கும் இன்னொரு இடம் ஆர்சனல் சுரங்க நிலையம். முன்பு கில்லெஸ்பி ரோடு என்று பெயர். ஆர்சனல் கால்பந்து அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் விடாமல் வற்புறுத்தி 1932இல் அணியின் பெயரையே வைக்கச் செய்தார். பிளாட்பாரத்திலிருந்து தெருவுக்கு ஏறும் நீண்ட சுரங்கப்பாதையின் ஓரமாகத் தரையிலிருந்து கூரைவரை ஒரு கம்பித் தடுப்பு ஓடுகிறது. சாதாரண நாளில் எதற்கென்றே புரியாது. ஆட்ட நாளில் ஒரு பக்கம் பெருங்கூட்டம், மறுபக்கக் குறுகல் வழியில் எதிர்த்திசையில் போகும் சிலர். ஆயிரம் பேர் வெளியே வரும்போது ஒரு கிழவர் உள்ளே இறங்க வேண்டியிருந்தால் அவருக்கும் வழி உண்டு. இதை யோசித்த பொறியாளர் கூட்டத்தை நன்றாக அறிந்தவர். அதற்குள் தனித்தனி மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லாத் தடுப்பும் அப்படி எழவில்லை. எழுபதுகளில் கால்பந்து ஸ்பெஷல் ரயில் என்றால் ரயில்வே ஒதுக்கிவைத்த பழைய பெட்டிகள் என்று ஆகிப்போனது. உடைப்பதும் கிழிப்பதும் உண்மையிலேயே நடந்தன, மறுக்கவில்லை. உடைப்பார்கள் என்று உடைந்த பெட்டியைக் கொடுத்தால் யார்தான் பேணுவார்கள்? 1973இல் டிஸ்கோ பெட்டியெல்லாம் வைத்து லீக் லைனர் என்று ஒரு ரயிலை லீக் ஓட்டிப் பார்த்தது, நீடிக்கவில்லை. இறங்கும் இடத்தில் போலீஸ் நிற்கும். சுற்றி வளைத்து மைதானம்வரை நடத்திச் செல்லும். டிக்கெட் வாங்கியவனைக் கைதிபோல நடத்தும் பழக்கம் அப்போது வேர்விட்டது.

ஷெஃபீல்டில் வாட்ஸ்லி பிரிட்ஜ் என்று ஒரு நிலையம். அன்றாட வண்டிகள் 1959லேயே நின்றுபோயின. ஹில்ஸ்பரோ மைதானத்துக்கான ஸ்பெஷல்கள் மட்டும் 1994வரை வந்தன. 1989 ஏப்ரல் 15 அன்றும் அங்கே லிவர்பூல் ரசிகர்கள் இறங்கினார்கள். மைதானத்து வாசலில் நெரிசல் முற்றியதும் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களுக்கு நேரெதிரே ஒரு சுரங்கப்பாதை; அது கேலரியில் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளில் போய் முடிந்தது. அந்தப் பாதையின் வாயை மூட யாரும் நிற்கவில்லை. முன்னால் கம்பிவேலி. 97 பேர் இறந்தார்கள். பழியையும் ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை என்று ஒரு ஜூரி சொல்வதற்கு 2016 ஆகிவிட்டது. அங்கேயும் ஒரு சுரங்கப்பாதை, ஒரு கம்பித் தடுப்பு. ஆர்சனல் நிலையத்தில் நடக்கும்போது ஹில்ஸ்பரோவை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இப்போது வேலிகள் போய்விட்டன, மைதானங்கள் பாதுகாப்பாகிவிட்டன. அலட்சியம் மட்டும் வேறு வழியில் வருகிறது. 2022 ஏப்ரல் 16, ஈஸ்டர் சனிக்கிழமை. வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டிக்கும் லிவர்பூலுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. அந்த வார இறுதியில் தண்டவாள வேலைக்காக அந்த இரண்டு நகரங்களிலிருந்தும் லண்டனுக்கு நேரடி ரயிலே இல்லை. வேலை நடப்பது முன்பே தெரிந்த விஷயம். இருந்தும் ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றவில்லை. லிவர்பூல் 3-2 என்று வென்றது. சிட்டி பக்கத்துக் கேலரியில் காலி இருக்கைகள் தெரிந்தன. அதைக் காட்டி, இவர்களெல்லாம் ரசிகர்களா என்று கேலி செய்தார்கள். எனக்கு அடங்காத கோபம் வந்தது. மான்செஸ்டரிலிருந்து வெம்ப்ளிக்கு 300 கிலோமீட்டர். ரயில் இல்லாத நாளில் கார் இல்லாத ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளை எப்படிக் கூட்டி வருவான், நள்ளிரவில் எப்படித் திருப்பி அழைத்துப் போவான்? இரண்டு பகுதிகளின் மேயர்களும் முன்கூட்டியே சேர்ந்து இதைக் கேட்டார்கள். ஐயாயிரம் பேருக்கு நூறு பஸ் விடுகிறோம் என்று பதில் வந்தது.