எந்தத் தத்துப்பூச்சி?

தை மாதம் மத்தூர்ப் பக்கம் மாந்தோப்புக்குள் போனால், கிளையை அசைத்ததும் தத்துப்பூச்சிகள் சடசடவென்று முகத்தில் மோதும். பூங்கொத்தில் சாறு உறிஞ்சி, தேன்போல ஒழுக்கிவிடும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்தால் இலையெல்லாம் சட்டிக்கரி பூசியதுபோல் ஆகிவிடும், பூ கொட்டிப்போகும்.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கதை வேறு. தலைக்குப் பின்னால் சின்ன முக்கோணம் தெரியும். அதில் மூன்று புள்ளியும் இறக்கையின் குறுக்கே வெள்ளைப் பட்டையும் இருந்தால் இடியோஸ்கோபஸ் நிட்டிடுலஸ். இரண்டு புள்ளி என்றால் இருவர் உண்டு: சின்னது இடியோஸ்கோபஸ் கிளைபியாலிஸ், பெரியது அம்ரிடோடஸ் அட்கின்சோனி. பின்னிரண்டையும் 1889இல் விவரித்தவர் லெத்தியரி என்ற பிரெஞ்சுக்காரர். அட்கின்சோனி என்ற பெயரில் நினைவுகூரப்படும் அட்கின்சன், இந்தியாவில் அரசுப் பணியில் இருந்துகொண்டே பூச்சி சேகரித்த வெள்ளைக்கார அதிகாரி.

ஆனால் புள்ளியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். நிறம் மங்கும், பூச்சிக்குப் பூச்சி மாறும். ஐயமறச் சொல்ல, ஆண் பூச்சியின் அடிவயிற்றைக் கழற்றிக் காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைப்பார்கள். எஞ்சும் பிறப்புறுப்பைக் கிளிசரினில் இட்டு, நுண்ணோக்கியில் அதன் வளைவையும் முள்ளையும் பார்ப்பார்கள். பெண் பூச்சி மட்டும் சிக்கினால், பல இனங்களில் நிபுணரே கையை விரித்துவிடுவார். உலகில் இதுவரை பெயர் பெற்ற தத்துப்பூச்சி இனங்கள் 20,000க்கும் மேல். இந்திய இனங்களைப் பிரித்தறிவதில் வாழ்நாளைச் செலவிட்டவர், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. ஏ. விரக்தமத். ஒசூரைத் தாண்டினால் அந்த ஊர்தான். ஆனாலும் அந்தப் பெயர்கள் எங்கள் தோப்புவரை வந்து சேரவில்லை.

பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார்: “எதுவா இருந்தா என்னாண்ணா, எல்லாம் ஒரே மருந்துலதானே சாவுது?”

நியாயமான கேள்வி. ஆனால் மருந்தை எப்போது, எங்கே அடிப்பது? கிளைபியாலிஸ் பூங்கொத்தை நம்பிப் பெருகுவது. அட்கின்சோனியோ தளிரிலும் முட்டையிடும், அடிமரத்துப் பட்டை இடுக்கில் ஒதுங்கிக் கிடக்கும். பூவை மட்டும் பார்த்து அடிக்கிறவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். தோப்புக்காரரிடம் இதைச் சொன்னேன். “அப்போ பூ எடுக்கறதுக்கு முன்னாடியே மரத்தைச் சுத்திப் பாக்கணும்” என்றார். வகைப்பாட்டியலின் பயனை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.