நகராத விசை

பழைய நாணயம் சேர்ப்பவர் உண்டு. அஞ்சல் தலை சேர்ப்பவர் உண்டு. அவற்றை ஒரு பெட்டியிலோ ஆல்பத்திலோ அடக்கிவிடலாம். பதினைந்து கிலோ எடையுள்ள தட்டச்சுப் பொறிகளைச் சேர்ப்பவனை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை நண்பர்கள் ஊகித்துக் கொள்ளலாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது நான்கு பொறிகள் இருக்கின்றன. இரண்டு ஆங்கிலம், இரண்டு தமிழ். ஐந்தாவது உள்ளே வந்தால் நான் வெளியே போக வேண்டும் என்பது என் தாயாரின் தீர்ப்பு.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கோடையில், நம் ஊர்ப் பிள்ளைகள் பலரையும் போல, நானும் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்க்கப்பட்டேன். 'குரூப் ஃபோர் எழுதினால் உதவும்' என்பது அப்பாவின் கணக்கு. தட்டச்சர் பதவிக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் அரசுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. கணினி வந்து பல ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தத் தேர்வு பழைய பொறியிலேயே நடந்து வந்ததால்தான், என் வயதுக்காரன் ஒருவனுக்கு அந்த இயந்திரத்தைத் தொடும் வாய்ப்பே கிடைத்தது. ஆங்கிலத்துக்கு ஏ, எஸ், டி, எஃப். தமிழுக்கு ய, ள, ன, க. தகரக் கூரையின் கீழ் இருபது பொறிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது எழும் ஓசைக்கு ஈடாக நம் ஊரில் இன்னோர் ஓசையைச் சொல்வதென்றால், பாத்திரப் பட்டறையைத்தான் சொல்லவேண்டும்.

இரண்டு ஆண்டுகளில் அந்தப் பயிலகம் மூடப்பட்டது. பொறிகளெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயின. நான் போய்ப் பார்த்தபோது ஆங்கிலப் பொறிகள் ஒன்றும் மீதமில்லை. கடைக்காரரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் ஓட்டல்காரங்க, சினிமாக்காரங்க வாங்கிட்டுப் போயிடுறாங்க தம்பி. அலங்காரத்துக்கு வைப்பாங்களாம். இந்தத் தமிழ் மிஷினை மட்டும் யாரும் சீந்த மாட்டேங்கிறாங்க. உடைச்சு எடைக்குத்தான் போடணும்."

இந்தச் சொல் எனக்கு உறைத்தது. ஆங்கிலப் பொறி அலங்காரமாகவாவது பிழைக்கிறது. தமிழ்ப் பொறிக்கு அந்தக் கதியும் இல்லை. அன்று ஒரு தமிழ் ரெமிங்டனைத் தூக்கி மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். இந்தப் பைத்தியம் அப்படித்தான் தொடங்கியது.

தமிழ்ப் பொறி என்பது ஆங்கிலப் பொறியில் எழுத்தை மாற்றி ஒட்டியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படியே கேள்விப்பட்டிருந்தேன். பிரித்துப் பார்த்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. 1874-இல் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்கு விட்ட முதல் பொறியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 26 எழுத்து, சில குறிகள், எண்கள், வேலை முடிந்தது. தமிழுக்கோ 247 எழுத்துகள். விசைகளோ நாற்பத்துச் சொச்சம். உகர வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கு, டு, து, பு, மு என்று ஒவ்வொன்றும் ஒரு கோலத்தில் வளைகிறது. இதை எந்தப் பலகையில் அடக்குவது?

அடக்கிக் காட்டியவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, 1907-இல் மலாயாப் பக்கம் பிழைக்கப் போய், வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பொறியியல் படித்தவர் அல்லர். அவர் வகுத்த விசைப்பலகையோடு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் சைடல் நௌமன் கம்பெனி 'பிஜோ' என்னும் கையடக்கத் தமிழ்ப் பொறியைச் செய்தது. அந்தப் பொறி ஒன்றையேனும் நேரில் கண்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதுவரை கைகூடவில்லை.

அவர் செய்த உபாயம் இதுதான். தட்டச்சுப் பொறியில் எந்த விசையை அழுத்தினாலும் இரண்டு காரியம் நடக்கும். எழுத்து தாளில் பதியும். உடனே தாளைத் தாங்கிய வண்டி ஓர் இடம் இடப்பக்கம் நகரும். முத்தையா சில விசைகளை மட்டும் நகராத விசைகள் ஆக்கினார். புள்ளி, மேலே ஏறும் விசிறி போன்ற குறிகளை அடித்தால் அவை பதியும், வண்டி அசையாது. அடுத்து மெய்யெழுத்தின் விசையை அழுத்தினால் அது அந்தக் குறிக்குக் கீழேயே வந்து பொருந்தும். அதன் பிறகே வண்டி நகரும். ஆகவே, கையால் எழுதும்போது 'க' எழுதிப் பிறகு புள்ளி வைக்கிறோம். பொறியிலோ முதலில் வெறும் வெளியில் புள்ளி. பிறகு அதன் அடியில் 'க'. இன்னும் வராத எழுத்துக்கு முன்கூட்டியே புள்ளி வைக்கும் இந்த முறை முதல் வாரம் எல்லோரையும் திணற அடிக்கும். பழகிய பின் விரல்கள் வேறு முறைக்கு இணங்க மறுக்கும். 1999-இல் தமிழ்நாடு அரசு கணினிக்கெனத் 'தமிழ்99' விசைப்பலகையை அறிவித்த பிறகும் தட்டச்சு முறைப் பலகையும் மென்பொருள்களில் நீடித்ததற்கு இந்த விரல்களின் பிடிவாதமே காரணம் என்பேன்.

நான் வாங்கி வந்த ரெமிங்டனின் நிலைமைக்கு வருகிறேன். டெல்டாவில் இரும்புக்குப் பெரும்பகை ஐப்பசி மழை. துரு, அதன்மேல் பல்லாண்டு எண்ணெய், எண்ணெயின்மேல் தூசி. பல் துலக்கும் தூரிகையும் சிறிது பெட்ரோலும் கொண்டு ஒரு மாதம் துடைத்தேன். எழுத்து அச்சுகளின் குழிகளில் இறுகியிருந்த மையைக் குண்டூசியால் கெல்லினேன். வண்டியை இழுக்கும் நாடா அறுந்திருந்தது. தூண்டில் நரம்பு கட்டினேன், உறுதியாக நிற்கிறது. (எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை: தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். ஊற்றினால் தூசியை வா என்று அழைப்பது போலாகும்.) புதிய ரிப்பன் பூட்டித் தாளைச் சுற்றி, ஊர்ப் பெயரை அடித்தேன்.

'கும்பகோணம்' வரவில்லை. 'குமபகோணம' வந்தது, இரண்டு மகரத்துக்கும் முன்னால் தனித்தனியே ஒரு புள்ளி, வாசலில் நிற்கும் விருந்தாளி போல நின்றது. நகரக் கூடாத விசை நகர்ந்துகொண்டிருந்தது.

இந்தப் பக்கத்துப் பொறிகளைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இப்போது ஒருவரோ இருவரோதான். எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். ஒரு காலத்தில் மிதிவண்டியில் கருவிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாபநாசம், திருவிடைமருதூர் என்று அலுவலகம் அலுவலகமாகப் போனவர். பொறியைக் கவிழ்த்துப் போட்டு, டார்ச் விளக்கடித்து, ஒரே நொடியில் கண்டுகொண்டார்.

"மத்த எல்லாத் தண்டும் அடிச்சுட்டு வண்டியைத் தள்ளணும். இந்த ஒண்ணு மட்டும் அடிச்சுட்டுச் சும்மா இருக்கணும். இது வேலை செய்யுது பாருங்க தம்பி, அதான் கோளாறு."

நகராத விசையின் தண்டில், வண்டியை விடுவிக்கும் சட்டத்தைத் தொடும் அடிப்பகுதி வெட்டப்பட்டிருக்கும். அது தொடாததால் வண்டி நகராது. என் பொறியில் எப்போதோ அந்தத் தண்டு முறிந்திருக்கிறது. யாரோ ஆங்கிலப் பொறியின் முற்றுப்புள்ளித் தண்டை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அது தன் பழைய இயல்பின்படி வண்டியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. புள்ளியும் தலைக்கு மேல் விழாமல் காலடியில் விழுந்தது.

புள்ளி ஒன்றுதானே, விட்டுவிட்டுக் கையால் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். மெய்யெழுத்தின் இயல்பே புள்ளி பெறுவது என்று தொல்காப்பியம் இலக்கணம் சொன்ன மொழி இது. புள்ளி இல்லாவிட்டால் 'கல்' 'கல' ஆகும்; 'மண்' 'மண' ஆகும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். அப்படிப்பட்ட சுவடிகளை வைத்துக்கொண்டு, எது மெய், எது உயிர்மெய் என்று வரிவரியாகத் தேர்ந்து பதிப்பித்தவர் நம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் பயிற்றிய உ.வே.சாமிநாதையர். சீவக சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது இங்கே அவர் பணியாற்றிய காலத்தில்தான். அவர் நடந்த தாழ்வாரங்களில் நாமும் நடந்துகொண்டு, புள்ளியில்லாப் பொறி போதும் என்று சொல்லலாமா? நண்பர் வாயடைத்துப் போனார். தத்துவம் சரி, தண்டுக்கு எங்கே போவது?

அந்தத் தண்டு கிடைக்க ஒரே இடம் இன்னொரு தமிழ்ப் பொறி. மெக்கானிக் ஐயாவே வழி காட்டினார். நீதிமன்றத்தின் எதிரே முப்பது ஆண்டுகள் மனு அடித்துக் கொடுத்தவர் ஒருவர் காலமாகிவிட்டார். பொறி வீட்டில் இருக்கிறது. போனோம். பரணிலிருந்து இறக்கிக் காட்டினார்கள். உருளை ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. பாதி விசைகள் துருவேறி அசையவில்லை. ஆனால் புள்ளித் தண்டு மட்டும் புதிது போல இருந்தது. அந்த வீட்டு அம்மாள் விலை எதுவும் கேட்கவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. இங்க இருந்து என்ன செய்யுது? ஆனா பிரிச்சுப் போட்டுடாதீங்க. மூணு பொண்ணைக் கட்டிக் கொடுத்த மிஷின் அது."

வரும் வழியெல்லாம் மெக்கானிக் ஐயா பேசவில்லை. நானும் பேசவில்லை. அவருடைய தொழில் நியாயம் எனக்குத் தெரியும். இரண்டு ஊமைப் பொறிகளை வைத்திருப்பதைவிட ஒன்றைப் பேச வைப்பது மேல்; பழுது பார்ப்பவர்கள் எங்கும் இப்படித்தான் செய்து வந்தார்கள். புதிய பொறிக்கும் வழியில்லை. 1955-இல் ஆவடிக் காங்கிரஸ் மாநாட்டில் முதல் பொறியைக் காட்சிக்கு வைத்த கோத்ரெஜ் 2009-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. (2011-இல் அதைக் கேள்விப்பட்ட மேல்நாட்டுப் பத்திரிகைகள் உலகின் கடைசித் தட்டச்சுத் தொழிற்சாலை மூடப்பட்டதாக ஒப்பாரி வைத்தன. அது மிகை.) சென்னையில் ஹால்டா செய்த ராயலா கார்ப்பரேஷனின் கதையும் பழங்கதையாயிற்று. ஆகவே ஒவ்வொரு தமிழ்த் தண்டும் இனிப் பிறக்காத தண்டு. அதற்காகவே ஒன்றைக் கொன்று ஒன்றை வாழவைப்பது நியாயம் என்று ஒரு பக்கம் தோன்றியது. மறுபக்கம், அந்த அம்மாள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிரிக்க வேண்டாம் ஐயா" என்றேன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார். "அந்த இங்கிலீஷ் தண்டையே திருத்திப் பார்ப்போம்."

அவர் செய்தது எளிய வேலைதான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சு நின்றுவிட்டது. தண்டின் அடிப்பகுதியை அரத்தால் சிறிது சிறிதாக ராவினார், இரண்டு முறை ராவுவது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி கழற்றுவது. அதிகம் ராவினால் தண்டு போச்சு. பத்தாவது முறையோ பதினோராவது முறையோ அடித்தபோது புள்ளி பதிந்தது, வண்டி நின்றது. அடுத்து, தண்டின் நுனியில் ஈயப் பற்றால் ஒட்டியிருந்த அச்சைச் சூடு காட்டிக் கழற்றி, சற்று மேலே தள்ளி மீண்டும் பற்றவைத்தார். வரியின் அடியில் விழுந்த முற்றுப்புள்ளி, எழுத்தின் தலைக்கு ஏறியது. வாக்கியத்தை முடித்து வைத்துக்கொண்டிருந்த ஆங்கிலப் புள்ளி, தமிழ் மெய்க்குப் புள்ளியாயிற்று!

குறை இல்லாமல் இல்லை. அச்சு மேலே ஏறியதால் உருளையில் முழுதும் படிவதில்லை. புள்ளி கொஞ்சம் மங்கலாகவே விழுகிறது. வல்லினத்துக்கு மேல் சற்று அழுத்தி அடிக்கவேண்டியிருக்கிறது. ஆயினும் 'கும்பகோணம்' கும்பகோணமாகவே வந்தது. ஐயா கூலியாக ஒரு காபி மட்டும் ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் என் கருத்தரங்கக் கட்டுரைகளின் முதல் படியை எல்லாம் இதில்தான் அடிக்கிறேன். அழிக்க முடியாது என்பதால் வாக்கியத்தை மனத்தில் முடித்துக்கொண்டுதான் விசையில் கை வைக்க வேண்டியிருக்கிறது. கணினியில் நான் எழுதுவது நீளம். இதில் எழுதுவது பாதி. பாதியே போதும் என்று பேராசிரியர் ஒருவர் சொன்னதைப் பாராட்டு என்றே கொண்டேன். இக்கட்டுரையும் அந்தப் பொறியில் அடித்ததுதான். மலர்க்குழுவினர் தாளை வாங்கிப் பார்த்து வியந்துவிட்டு, "கணினியில் ஏற்றிக் கொடுங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். யூனிகோடில் எழுத்து முன்னே, புள்ளி பின்னே. என் விரல்கள் புள்ளியை முன்னே போட்டுப் போட்டு, இரண்டு பக்கத்துக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று.

அந்த அம்மாளின் பொறி திண்ணையில் சுவரோரம் இருக்கிறது. வாரம் ஒரு விசை என்று துரு நீக்கி வருகிறோம். மகரம் வரை அசைகிறது. ழகரம் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது. உருளைக்குப் புது ரப்பர் போட்டுத் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் ஏற்றிருக்கிறார். அறுவடை வேலை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்.