பாலாவியின் இராசாளி

மன்னார் எருக்கலம்பிட்டியில் இருந்து புத்தளத்துக்கு நானும் உம்மாவும் வருடத்தில் இரண்டு தடவையாவது போய் வருகின்றோம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கற்பிட்டி வீதி கொழும்பு வீதியுடன் சேரும் சந்திதான் பாலாவி. அங்கே கிடுகுக் கொட்டிலில் வளர்ந்த எனக்கு விமானத்தளம் என்பது முட்கம்பிக்கு அப்பால் உள்ள ஒரு வெட்டை, அவ்வளவுதான்.

அந்த வெட்டையின் கதையை அண்மையில்தான் அறிந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 ஏப்ரலில், யப்பானியக் கப்பல்களில் இருந்து எழுந்த விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அக்காலத்தில் பிரித்தானியக் கடற்படை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பல விமானத்தளங்களை வைத்திருந்தது. விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் விமானிகள் பயிற்சி எடுக்கவும் விமானங்களைத் திருத்தவும் தரையில் இடம் வேண்டும் அல்லவா? 1943 இல் தொடங்கிய பாலாவித் தளத்துக்கு 'ராஜாலிய' என்று பெயர். சிங்களத்தில் இராசாளி. தரையில் கிடந்தாலும் கடற்படைக் கணக்கில் அது ஒரு கப்பல்! தாம்பரத்தில் இருந்தது வல்லூறு, சூலூரில் வைரி. பெயர் வைத்தவர்கள் எங்கள் பறவைகளை நன்றாகத்தான் விசாரித்திருக்கிறார்கள்.

என் மனதில் நின்றது யானைதான். ஓடுபாதையை விட்டு விலகிச் சேற்றில் புதைந்த விமானங்களை இழுத்தெடுக்க அங்கே யானைகளைப் பயன்படுத்தினார்கள். இறக்கை வளைந்த 'கோர்செயர்' போர் விமானத்தை யானை இழுக்கும் பழைய புகைப்படம் இருக்கிறது.

கோவாவில் டபோலிம் விமான நிலையத்துக்குக் கிட்ட இந்தியக் கடற்படை 1998 இல் விமான அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. எங்கள் இரத்மலானை விமான நிலையத்திலும் விமானப்படையின் அருங்காட்சியகம் உண்டு. பாலாவித் தளம் இன்று விமானப்படையிடம் இருப்பதால் உள்ளே போக இயலாது. வாசலில் ஒரு காட்சிப் பலகை வைத்தாலே போதும் என்று பஸ்ஸில் உம்மாவிடம் சொன்னேன்.

பொம்பர் சத்தம் கேட்டால் எங்களை இழுத்துக்கொண்டு ஓடியவர் உம்மா. விமானப் படத்தில் அவருக்கு என்ன ஆசை இருக்கப் போகிறது?

"யானப்பாகன்ட பேரும் போடுவாங்களா புள்ள?" என்று கேட்டார். பிறகு, "நாங்க வந்து இறங்கினதையும் போடுவாங்களா?"

அப்போதுதான் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் நினைவு வந்தது. அவர் தமிழ்ப் பெண். அதே 1990 இல் தலைமன்னாரில் படகேறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமில் பிள்ளை பெற்றவர். மண்டபத்தில் இருந்து இராமநாதபுரம் போகும் வழியில் உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் விமானத்தளம் இருக்கின்றது. 2009 இல் அதற்குச் சூட்டிய பெயர் 'பருந்து'. ஒரே தீவுப் பெண்கள், ஒருவர் இராசாளிப் பக்கம், ஒருவர் பருந்துப் பக்கம். பலகை எழுதுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். யானையை இழுக்க வைத்தவர்களின் கதையோடு மட்டும் நிறுத்தினால் எண்பது வருடத்தில் ஒரு சில வருடங்கள்தான் அதில் இருக்கும்.

வள்ளத்தில் கொண்டுவந்த அலுமினியச் சட்டியை அந்தக் காட்சிக்குக் கொடுப்பீர்களா என்று உம்மாவிடம் கேட்டேன்.

"குடுப்பன். நோன்புக்கு முந்தித் திருப்பித் தரோணும். அதிலதானே கஞ்சி காய்ச்சிறது."