உறக்கத்தின் உரிமை யாருடையது?

வேலையற்ற செயலி வீணே சுழல்வதில்லை, உறங்குகிறது. சி1 நிலை மெல்லிய கண்ணயர்வு. சி6 ஆழ்ந்த துயில். ஆழம் கூடுந்தோறும் மின்சாரம் மிச்சமாகும். விழித்தெழும் நேரமோ நீளும்.

மெய்நிகர் கணினிக்குள் இக்கணக்கு மாறிவிடுகிறது. விருந்தினர் இயங்குதளம் ‘ஹால்ட்’ கட்டளை இட்டதும் கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் செல்கிறது. உண்மைச் செயலி உறங்குவதா, வேறொரு மெய்நிகர் கணினிக்கு உழைப்பதா என்பதை அதுவே முடிவுசெய்கிறது. விருந்தினர் ‘உறங்குகிறேன்’ என அறிவிப்பது, கேட்பவருக்கு வெறும் வேண்டுகோளே.

இந்தக் கைமாற்றத்துக்கு நேரம் பிடிக்கிறது. ஆகவே லினக்ஸின் கேவிஎம், செயலியை விட்டுக்கொடுக்குமுன் சற்றே விழித்துக் காத்திருக்கிறது. எக்ஸ்86 செயலிகளில் அதன் இயல்பான உச்ச வரம்பு 200 மைக்ரோ நொடி. அதற்குள் பணி வந்தால் மறுமொழி விரையும். வாராவிடில் மின்சாரம் வீணாகும். 2019-இல் வெளிவந்த லினக்ஸ் 5.4, ‘ஹால்ட்போல்’ வழியாக இக்காத்திருப்பை விருந்தினருக்குள்ளேயே நிகழ்த்த வகைசெய்தது.

மற்றொரு வழி, கியூஇஎம்யூவில் ‘சிபியு-பிஎம்’ அமைப்பை இயக்கி, உறங்கும் உரிமையை விருந்தினருக்கே அளிப்பது. அப்போது அது ஆழ்துயிலுக்கும் செல்லலாம், விரைந்தும் எழலாம். ஆனால் புரவலர் கணினிக்கு அவ்வுறக்கம் புலப்படாது. உறங்கும் செயலியும் 100 விழுக்காடு உழைப்பதாகவே கணக்கில் ஏறும். அண்டை மெய்நிகர் கணினிகள் முறைக்காகக் காத்துக்கிடக்கும்.

தனிச் செயலி ஒதுக்கப்பட்ட இடத்தில் இவ்வுரிமை நன்மையே. பலர் பகிரும் ஆய்வகச் சேவையகத்திலோ, ஒருவர் ஈட்டும் மைக்ரோ நொடிகளுக்கு அடுத்தவரின் ஆய்வு விலை கொடுக்கிறது. அமைப்பை மாற்றுவோர் வேகத்தோடு இதையும் அளந்து பார்த்தல் வேண்டும்.