ஒற்றைப் பலகை

கும்பகோணத்து வீட்டை 2006ஆம் ஆண்டில் விற்றபோது, கூடத்து ஊஞ்சலையும் சேர்த்தே விலை பேசிவிட்டார்கள். ஐந்தரை அடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட ஒற்றைத் தேக்குப் பலகை அது. நான் தில்லியில் இருந்தபடியே சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட்டு அஞ்சலில் சேர்த்தேன். பின்னர் அம்மா எங்களோடு வந்து தங்கினார். ஊஞ்சலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனமே என்னைக் கீர்த்தி நகர் மரச் சந்தைக்குத் துரத்திற்று.

அடுக்குமாடிக் குடியிருப்பில் உத்தரம் ஏது? கூரையில் கொக்கி மாட்ட வீட்டுக்காரர் ஒப்பவில்லை. ஊஞ்சல் இல்லாவிட்டால் போகட்டும், அம்மா அமர்ந்து எழுதவும் படிக்கவும் ஒரே பலகையாலான மேசையாவது இருக்கட்டுமென எண்ணினேன். தேக்கு என் சக்திக்கு மீறியது. வடநாட்டு ஷீசம் மரமோ நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளி. வைரம் பாய்ந்த பகுதி நல்ல பழுப்பு நிறத்தில் கருங்கோடுகளோடு இருக்கும். கடைக்காரர் ஒரு பலகையைத் தட்டிக் காட்டி, நன்றாகக் காய்ந்தது என்று ஆணையிட்டார். அது ஆகஸ்டு மாதம். மழைக்காலத்துக் காற்றில் எந்தப் பலகையும் சாதுவாகவே தோன்றும். நம்பினேன். குறுக்குச் சட்டங்கள் வைத்துத் திருகாணிகளால் இறுக்கி மேசையாக்கினோம்.

மறு ஆண்டு மே மாதத்தில் அனற்காற்று வீசத் தொடங்கியது. ஒருநாள் நள்ளிரவில் படீரென ஓர் ஓசை. விளக்கைப் போட்டுப் பார்த்தால், மேசையின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அம்மாவும் எழுந்து வந்தார். வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நம் ஊஞ்சல் பலகை அறுபது வருஷம் ஆடிற்றே, வெடித்ததா? அதை யாராவது நாலு பக்கமும் இப்படி இறுக்கிக் கட்டினார்களா?" என்றார். தில்லிக்கு வந்தபின் ஊஞ்சலைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சஹாரன்பூரிலிருந்து வந்து எங்கள் பேட்டையில் தொழில் செய்த முதிய மிஸ்திரி ஒருவரும் இதையே வேறு வகையில் சொன்னார். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. அகலவாக்கிலோ ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். இரண்டடிப் பலகை தில்லியின் மழைக்கும் கோடைக்கும் இடையே கால் அங்குலம் வரை அசையக் கூடும். அசைய விடாவிட்டால் பிளக்கும்.

இம்முறை அவரையே அழைத்துச் சென்றேன். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம். ஓர் ஓரத்தில் இருந்த வெளிர்நிறப் பகுதியை அறுத்துத் தள்ளச் சொன்னார். பூச்சி முதலில் நுழைவது அங்கேதானாம். எஞ்சியது 22 அங்குலம். ஈரம் விரைந்து வெளியேறி முனைகள் பிளவாதிருக்க இரு முனைகளிலும் சாயம் பூசினோம். அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது அவர் கணக்கு. ஆகவே இரண்டு கோடைகள் அது பால்கனி நிழலில், அடியில் சமகனக் குச்சிகள் தாங்க, காற்றாடக் கிடந்தது.

பழைய தாள் வாங்குபவரின் தராசில் மாதம் ஒருமுறை நிறுத்தோம். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது என்று பொருள். அதைக் குறித்து வைப்பதை அம்மா தம் வேலையாக்கிக் கொண்டார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 44 கிலோவில் தொடங்கிய வரிசை 39இல் வந்து நின்றது. எண்பத்திரண்டு வயதில் அவர் இத்தனை ஆவலோடு காத்திருந்த வேறொன்றை நான் அறியேன். "உன் பலகை இன்று ஒரு கிலோ இளைத்துவிட்டது" என்று அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்!

மிஸ்திரி பலகையின் இரு கோடிகளிலும் நேரான குச்சிகளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி முறுக்கம் பார்த்தார். முதலில் குறுக்காகவும் பிறகு ரேகையோடும் இழைத்தார். காற்சட்டத்தில் திருகாணித் துளைகளை அகலவாக்கில் நீளமாக வெட்டி, பலகை நகர இடம் விட்டார். ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை தேய்த்தோம்.

எண்ணெய் உலர்ந்த அன்று அம்மா அதில் முதன்முதலாக ஓர் அஞ்சலட்டை எழுதினார். கும்பகோணத்து வீட்டை வாங்கியவருடைய மனைவிக்கு. ஊஞ்சல் கூடத்திலேயே இருக்கிறதா, சங்கிலிக் கொக்கிகளுக்கு எண்ணெய் விடுகிறீர்களா என்று கேட்டிருந்தார். தபாலில் சேர்க்குமாறு என்னிடம்தான் கொடுத்தார்.